கடன்பட்ட வழக்கறிஞர்

நம் ஊர்களில் ‘மஞ்சள் கடுதாசி’ என்றாலே முகம் சுளிப்போர் பலர். கடனடைக்க இயலாதவன் நேர்மையற்றவன் என்றே முடிவுகட்டிவிடுகிறோம். அத்தகையோருக்காக நீதிமன்றத்தில் மனு எழுதிய ஒரு வழக்கறிஞரை இங்கு நினைவுகூர விழைகிறேன். அவர் ஆபிரகாம் லிங்கன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்னும் சிற்றூர். அங்கே லிங்கனும் பெர்ரி என்பவரும் கூட்டாக ஒரு கடை நடத்தினர். சரக்கெல்லாம் கடன் பத்திரத்தின் பேரில் வாங்கியவை. வியாபாரம் நொடித்தது. 1835-இல் பெர்ரி இறக்கவே, கூட்டாளியின் பங்கும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் சுமார் 1,100 டாலர் என்பர். இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடிவிடுவது அக்காலத்தில் புதிதன்று, அவர் ஓடவில்லை. கடன் கொடுத்தவர் ஒருவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றார். லிங்கனின் குதிரையும், பிழைப்புக்கு ஆதாரமான நில அளவைக் கருவிகளும் ஏலத்திற்கு வந்தன. ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பித் தந்தார்.

எந்தச் சட்டக் கல்லூரியிலும் பயிலாமல், இரவல் நூல்களைக் கற்று, 1836-இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார் லிங்கன். மறு ஆண்டு நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சி. எண்ணற்றோர் கடனில் மூழ்கினர். கடன்பட்டவர் தாமாகவே மனுச்செய்து விடுதலை பெற வழிவகுத்த திவால் சட்டம் 1841-இல் இயற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் லோகன் என்பவருடன் கூட்டாகத் தொழில் நடத்திய லிங்கன், எழுபதுக்கு மேற்பட்ட திவால் வழக்குகளில் பணியாற்றினார். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, கையிலுள்ள சொத்து என்ன என்று ஒளிவுமறைவின்றிப் பட்டியலிட வேண்டும். சொத்து கடனீந்தோருக்குப் போகும். ஆனால் 300 டாலருக்கு மேற்படாத தட்டுமுட்டுச் சாமான்களையும், மனைவி மக்களின் உடைகளையும் தொடலாகாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுவே! கடனீந்தோரின் எதிர்ப்பால் 1843-இலேயே சட்டம் நீக்கப்பட்டது.

அவர் கடன்பட்டோர் பக்கம் மட்டுமே நின்றார் என எண்ணிவிடலாகாது. பணம் வரவேண்டிய வணிகர்களுக்காகவும் வாதாடி வசூலித்துக் கொடுத்தார். அவர் நடத்திய சுமார் 5,000 வழக்குகளில் பாதிக்கு மேல் கடன் சம்பந்தப்பட்டவையே. கொடுத்தவனும் உழைத்துச் சேர்த்தவன் அல்லவா? எனினும், இயன்றவரை வழக்கைத் தவிர்த்துச் சமரசம் செய்யுமாறு இளம் வழக்கறிஞர்களுக்கென அவர் குறிப்பு எழுதி வைத்தார்.

தம் சொந்தக் கடனுக்கு அவர் அச்சட்டத்தை நாடவில்லை. காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டன் சென்ற பின்னரும் பழைய பாக்கிக்குப் பணம் அனுப்பினார் என்று அவருடைய பிற்காலக் கூட்டாளி ஹெர்ன்டன் எழுதியுள்ளார். ஷார்ட்டையும் அவர் மறக்கவில்லை. 1861-இல் லிங்கன் குடியரசுத் தலைவரானபோது, கலிஃபோர்னியாவில் வசதி குன்றியிருந்த அந்த முதிய நண்பருக்கு ஓர் அரசுப் பணி நியமனம் போய்ச் சேர்ந்தது.