உப்புத் தண்ணீரில் கீரை வளருமா?

தென்காசி மாவட்டம் கீழப்பாவூர் பகுதிக்குக் காய்கறி புதிதல்ல. பக்கத்திலேயே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது.

மழை பெய்து குளம் நிரம்பினால் கவலை இல்லை. மழை பொய்த்தால்? கிணறு வற்றும். அடி ஆழத்தில் இருந்து இறைக்கும் தண்ணீர் சில ஊர்களில் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் கீரையின் இலை ஓரம் கருகும். வீட்டுக் கொல்லையில் கிள்ளிய கீரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை வரும்!

மண் வேண்டாம்

மண் இல்லாமலும் கீரை வளரும். சத்துகளைத் தண்ணீரில் கரைத்து வேருக்குக் கொடுத்தால் போதும். 1946-ல் வங்காளத்தில், காலிம்பாங் என்ற மலை ஊரில், ஷோல்டோ டக்ளஸ் என்பவர் கல்துண்டையும் மணலையும் பரப்பி இப்படிக் காய்கறி வளர்த்துக் காட்டினார்.

நம் ஊரில் கல்லுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. கயிறு திரிக்கும் இடத்தில் குவிந்து கிடக்கும் தூள்தான் அது. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும்.

தண்ணீரில் நின்றும் தாகம்!

மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? உப்பு தண்ணீரை இழுக்கும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால், செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே வாடும்!

மண் இல்லாத தோட்டத்தில் இன்னொரு தொல்லை. சத்துக்காகக் கரைக்கும் உரமும் ஒருவகை உப்புதான். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

என்ன செய்யலாம்?

முதலில் நார்க்கழிவை அலசுங்கள். அதிலேயே உப்பு உண்டு! நல்ல தண்ணீரில் பல முறை ஊற வைத்துப் பிழிய வேண்டும். பெரிய தோட்டக்காரர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைக்கிறார்கள். கால்சியம் உள்ளே போகும், சோடியம் வெளியேறும்.

பிறகு அலசிய உமிக்கரியைக் கலக்கலாம். வேருக்குக் காற்று கிடைக்கும். மண்புழு உரம் கொஞ்சம் போதும். அதிலும் உப்பு இருக்கிறது.

தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். அவ்வப்போது நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, உப்பை அடித்து வெளியேற்றுங்கள். இலை மீது உப்புத் தண்ணீரைத் தெளிக்காதீர்கள்.

கீரையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருப்புக்கீரை உப்பைத் தாங்கும். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த பாலக்கும் ஓரளவு தாங்கும். லெட்டூஸ் தாங்காது.

கூரை தரும் மருந்து

ஒன்றை மறக்கக் கூடாது. நார்க்கழிவும் கரியும் உப்பின் கொடுமையைக் குறைக்கும், உப்பை ஒழித்துவிடாது. தண்ணீர் மிகவும் கரித்தால், நல்ல தண்ணீர் கலந்தே ஆக வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அண்ணாந்து பாருங்கள்! தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. கூரையில் விழும் மழையில் உப்பு மிகமிகக் குறைவு. மழைக்காலத்தில் ஒரு தொட்டி பிடித்து மூடி வையுங்கள். கோடையில் உங்கள் குழந்தையின் தட்டில் கீரை இருக்கும்!