கல்லடைப்பும் குடிநீரும்

நெசவாளரும் உழவரும் அன்றாட உழைப்பை நம்பி வாழ்பவர்கள். தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி இல்லை. நடவுக் காலத்தில் பத்து நாள் படுத்துவிட்டால் பருவமே தவறிவிடும். இவர்களைத் திடீரென வீழ்த்தும் நோய்களுள் ஒன்று சிறுநீரகக் கல். நம் முன்னோர் இதனைக் கல்லடைப்பு என்று வழங்கினர். ஒருமுறை கல் கண்டவருக்கு மீண்டும் வருவது சாதாரணம். ஆயினும், இதனைப் பெரிதும் தடுக்கும் வழி செலவில்லாதது.

கல் எவ்வாறு உண்டாகிறது? நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்து, கழிவுகளைச் சிறிதளவு நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. வெயிலில் உழைப்பவருக்கும், காற்றோட்டமற்ற கூடத்தில் தறி மிதிப்பவருக்கும் உடல்நீர் வியர்வையாய்ப் போய்விடுகிறது. சிறுநீர் குறைகிறது. உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்புப் பூப்பதுபோல, கால்சியம், ஆக்ஸலேட் முதலியன படிந்து நாளடைவில் கல்லாகின்றன.

இத்தாலி நாட்டின் பார்மா நகர மருத்துவர்கள் 1996ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முதன்முறையாகக் கல் கண்ட 199 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் மிகுதியாக நீர் அருந்தச் செய்தனர். 5 ஆண்டுகளில் அவர்களுள் 12 சதவீதத்தினருக்கே கல் மீண்டும் தோன்றியது. மற்றப் பிரிவினருள் 27 சதவீதத்தினருக்குத் தோன்றியது.

கல் கண்டவர் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது கழியுமளவு நீர் அருந்த வேண்டும் என்பர் மருத்துவர். இதற்கு மூன்று லிட்டர் நீரேனும் தேவை. கோடையில் இன்னும் கூடும். சிறுநீர் வைக்கோல் நிறத்தினும் வெளுத்திருந்தால் போதுமான நீர் அருந்துகிறோம் எனக் கொள்ளலாம். எலுமிச்சம்பழச் சாற்றிலுள்ள சிட்ரேட் கல் படிவதைத் தடுக்க உதவும். மோரும் நல்லது, கல்லுக்கு அஞ்சிப் பால், மோரை அறவே விலக்குவது தவறு. ஆனால் இவற்றில் உப்பை அள்ளிப் போடலாகாது. சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்கள் நீருக்கு ஈடாகா.

இவற்றை அறிந்தும் பலர் நீர் அருந்துவதில்லை. காரணம் அறியாமை அன்று. சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில் நான் காண்பது இதுவே: புடவைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர் குழித்தறியை விட்டு அடிக்கடி எழ விரும்புவதில்லை. பெண்களோ, கூடத்தில் கழிப்பறை இல்லாமையால், காலை முதல் மாலை வரை நாவறண்டே பணி செய்கின்றனர். இவர்களுக்கு அறிவுரை மட்டும் கூறிப் பயன் என்ன?

எனவே ஒவ்வொரு நெசவுக் கூடத்திலும், கொள்முதல் நிலையத்திலும், கைக்கெட்டும் தூரத்தில் மூடியிட்ட தூய குடிநீர்ப் பானையும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் அமைத்தல் சங்கத்தின் கடமையாகும். விதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாம். வயலுக்குச் செல்வோர் கலப்பையோடு நீர்க்கலயத்தையும் கொண்டு செல்வாராக.

ஓர் எச்சரிக்கை. இதய நோயோ, சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர் மருத்துவரைக் கேட்டே நீரின் அளவைக் கூட்ட வேண்டும். விலாவில் கடும் வலியுடன் காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் அடைபட்டாலும், வாழைத்தண்டுச் சாற்றை நம்பி நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் குடிநீரையும் கழிப்பறையையும் சேர்க்குமாறு உறுப்பினர்கள் கேட்பார்களாக.