ஐம்பதை நெருங்கும் வயதில் பறக்கும் கனவு

பரீட்சைக்கு நேரமாகிவிட்டது, பேனா கிடைக்கவில்லை என்று கனவு கண்டவர்கள் மறுநாள் காப்பி சாப்பிடும்போதே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பறப்பதாகக் கனவு கண்டவர்கள் லேசில் வாய் திறப்பதில்லை. தலை நரைத்த பிறகு, கைகளை விரித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேல் மிதந்தேன் என்று சொல்ல யாருக்கும் கூச்சம்தான். துணிந்து சொன்னாலோ, "வெளிநாட்டு யோகம்" என்பார் ஒருவர். "ஆயுளுக்கு ஆகாது" என்று பயமுறுத்துவார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

நம் பழைய வைத்திய நூல்கள் இதில் நிதானமாகவே இருந்திருக்கின்றன. சரக சம்ஹிதை கனவுகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது. கண்டது, கேட்டது, அனுபவித்தது, ஆசைப்பட்டது, கற்பனை செய்தது ஆகியவற்றால் வரும் ஐந்து வகைக்கும் பலன் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறது. சுஸ்ருத சம்ஹிதை, கனவில் ஆகாயத்தில் செல்வதை வாத உடம்புக்காரர்களின் இயல்புகளில் ஒன்றாகச் சொல்கிறது.

'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்ற நம்பிக்கைக்கும் ஒரு காரணம் தென்படுகிறது. தூங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் நேரங்கள் உண்டு என்பதை 1953-ல் சிகாகோவில் அஸரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். அந்நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை வரும் இந்த நிலை விடியும் நேரத்தில் நீள்கிறது. கனவு முடிந்த கையோடு எழுந்துவிடுவதால் அது நினைவில் தங்குகிறது. நினைவில் இருப்பதுதானே பின்னால் பலித்ததாகவும் தோன்றும்!

சரி, பறப்பதற்கு என்னதான் அர்த்தம்? மனவியல் அறிஞர் யுங், பகலில் நாம் ஒதுக்கி வைத்ததைக் கனவு ஈடுகட்டுகிறது என்றார். அடங்கிக் கிடப்பவருக்கு அது சிறகு தரலாம். தன்னைப்பற்றி அளவுக்குமீறி நினைப்பவருக்கோ அதே கனவு எச்சரிக்கை. ஆகவே எல்லோருக்கும் ஒரே பலன் எழுதும் கனவுப் புத்தகங்களை நான் நம்புவதில்லை. நடுவயதை அவர் உச்சிவேளைக்கு ஒப்பிட்டார். அதுவரை சம்பாத்தியம், பிள்ளைகள், பெயர் என்று ஓடியவர், தனக்கென்று என்ன என்று அப்போதுதான் கேட்கிறார்.

ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மகனுக்குப் பிளஸ் டூ, ஊரில் தனியாக அம்மா, ஓய்வுபெற்றால் காலிசெய்ய வேண்டிய குவார்ட்டர்ஸ். பிறகு ஊருக்குத் திரும்புவதா, பிள்ளைகள் பேசும் ஹிந்திக்கு நடுவே இங்கேயே இருந்துவிடுவதா? வாயால் பேசிக்கொள்ளாத இந்தப் பேச்சுதான் இரவில் உருவம் எடுக்கிறதோ என்னவோ.

எனவே, 'பறந்தேனா' என்பதோடு நிற்காமல் 'எப்படிப் பறந்தேன்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் சுகமாக மிதக்கிறார்கள். சிலர் எழும்பும்போதெல்லாம் மின்சாரக் கம்பியில் சிக்குகிறார்கள். கீழே தெரிந்தது கரோல்பாக் கடைத்தெருவா, பிறந்த ஊர்க் குளமா? யாரையாவது தேடினீர்களா, யாரிடமிருந்தாவது தப்பினீர்களா? ஊர்க் குளத்தின் மேலேயே திரும்பத் திரும்ப வட்டமிடும் ஒரு பெண்மணிக்கு வெளிநாட்டு யோகம் சொல்வதைவிட, இந்தக் கோடையில் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மேல். கணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் அவர்கள் கனவை யாரும் கேட்பதே இல்லை.

ஒன்று மட்டும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். கனவு காணும் நேரத்தில் கை கால் தசைகள் தளர்ந்து அசையாமல் இருப்பதே இயற்கை. அப்படியின்றி, கனவில் நடப்பதற்கேற்பப் படுக்கையில் கையை வீசுவது, உதைப்பது, கத்துவது, கட்டிலிலிருந்து குதிப்பது என்று ஆரம்பித்தால் அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. 1986-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனிக் கோளாறாக விவரித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் வரலாம். சிலருக்குப் பார்கின்சன் நோயின் முன்னறிகுறியாகப் பல வருடங்கள் முன்பே தோன்றுகிறது. தூங்குபவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்வரை கட்டிலருகே உள்ள கண்ணாடிச் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு, படுக்கையைத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள்.