இடிபாடுகளும் வழிகாட்டியும்: அரிக்கமேட்டைக் காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள்

முன்னுரை

வேதாகம நாடுகளுக்குப் பயணம் செய்யும் நம் சபையினருள் பலர் ரோமாபுரியையும் கண்டு திரும்புகின்றனர். அத்தனை தொலைவு செல்ல இயலாதவர்களும் ரோம உலகின் சுவடுகளைத் தமிழ் மண்ணிலேயே காணலாம். பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கம் போன்ற சென்னைப் புறநகர் ஊரிலிருந்து வாகனம் அமர்த்திப் புறப்படும் ஒரு சிறு குழு, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் சென்று புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டைக் கண்டு அன்றே வீடு திரும்பிவிடலாம்.

இத்தகைய பயணங்களில் தங்களுக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. பெருங்கூட்டத்தோடு செல்லும்போது கேட்க முடியாத கேள்விகளை அவரிடம் நிதானமாகக் கேட்கலாம். ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வந்திருப்பவர்கள் கிறிஸ்தவர்கள், அதிலும் ஆயர்கள் என்று அறிந்தவுடன் அவர்கள் மகிழும் செய்திகளைச் சொல்ல வழிகாட்டி விழைவது இயற்கை. அங்குக் கேட்டது அடுத்த ஞாயிறு அருளுரையில் எடுத்துக்காட்டாகிறது. அருளுரையில் கேட்டதைச் சபையார் சத்தியமென்று ஏற்றுக்கொள்கின்றனர். எனவே இடிபாடுகளிடையே நடக்கும் ஆயர் மூன்றைப் பிரித்தறியக் கடமைப்பட்டவர்: மண்ணில் கிடைத்தது எது? அதிலிருந்து அறிஞர் உய்த்துணர்ந்தது எது? கேட்போர் விருப்பத்திற்காகச் சேர்க்கப்பட்டது எது? இப்பயிற்சிக்கு அரிக்கமேட்டைப்போல் பொருத்தமான இடம் நம் அருகில் வேறில்லை.

1. அரிக்கமேடு அறியப்பட்ட வரலாறு

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை அணுகும் இடத்தில் அதன் கரையில் அமைந்துள்ளது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணும்பொருட்டு 18ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ இவ்விடத்துப் பழமையைக் குறித்து எழுதிவைத்தார். பின்னர் நெடுங்காலம் எவரும் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1937இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், இங்குக் கிடைத்த, மனிதத் தலை செதுக்கப்பட்ட மணிக்கல் ஒன்றைக் கண்டார். அத்தலை அகுஸ்து இராயனுடையது என்றும், எனவே இது ரோமரோடு தொடர்புடைய நகரம் என்றும் அவர் கருதினார்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அரசு அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டபோது, அலமாரி ஒன்றில் ஆம்போரா என்னும் இருகாதுச் சாடியின் உடைந்த பகுதியைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று அறிந்ததும் அங்கு அகழ்ந்தறிய உறுதிபூண்டார். 1945இல் அப்பணி நடைபெற்றது. அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1989 முதல் 1992 வரை, விமலா பெக்லியின் தலைமையில் அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து மீண்டும் ஆராய்ந்தன.

2. மண்ணடுக்கு பேசும் முறை

வீலர் அரிக்கமேட்டைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். தென்னிந்தியப் பழங்கலங்கள் ஏராளமாகக் கிடைத்திருந்தபோதிலும், அவற்றின் காலத்தை அறிய உறுதியான அளவுகோல் அந்நாளில் இல்லை. இத்தாலியில் அரெத்சோ நகரின் பெயரால் 'அரிட்டைன்' எனப்படும் செந்நிறக் கலங்களின் காலமோ நன்கு அறியப்பட்டிருந்தது. அவற்றைச் செய்த பட்டறையார் தம் பெயரை முத்திரையாகப் பதித்தனர். அத்தகைய முத்திரைகள் அரிக்கமேட்டில் கிடைத்த ஓடுகளிலும் காணப்பட்டன. அக்கலங்கள் பெரும்பாலும் நம் ஆண்டவர் வாழ்ந்த நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை.

வீலரின் வாதம் எளியது. காலம் தெரிந்த இத்தாலியக் கலம் ஒரு மண்ணடுக்கில் கிடைக்குமாயின், அதே அடுக்கில் அதனோடு கிடைக்கும் உள்ளூர்க் கலமும் ஏறக்குறைய அக்காலத்தது. அந்த உள்ளூர்க் கலம் வேறோர் ஊரில் கிடைத்தால் அவ்வூரின் காலத்தையும் அதைக்கொண்டு கணிக்கலாம். தென்னிந்தியத் தொல்லியலின் கால வரிசைக்கு அடித்தளமிட்டவற்றுள் இம்முறை முதன்மையானது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு கலம் செய்யப்பட்ட காலத்திற்கு முன்பு, அது கிடக்கும் அடுக்கு உருவாகியிருக்க முடியாது, பின்பு உருவாகியிருக்கலாம். பாட்டனார் வாங்கிய பாத்திரத்தைப் பேரன் உடைப்பதுண்டு அன்றோ? ஓர் ஓடு தன் அடுக்கில் கிடக்கும்வரைதான் சாட்சி கூறும். பயணத்தின் நினைவாக அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர் அச்சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறார். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்திலிருந்து எதையும் எடுத்தல் சட்டத்திற்கும் புறம்பானது. குழுவை நடத்திச் செல்லும் ஆயர் இதனை முன்னதாகவே எச்சரிப்பது நலம்.

3. திருத்தப்பட்ட முடிவுகள்

வீலர் தம் அகழாய்வு அறிக்கையில் அரிக்கமேட்டை இந்திய-ரோம வணிக நிலையம் என்று பெயரிட்டார். நீண்ட செங்கற்கட்டடம் ஒன்றைப் பண்டகசாலை என்றும், தொட்டிகளைத் துணிக்குச் சாயமிடப் பயன்பட்டவை என்றும் கருதினார். மேனாட்டு வணிகர் வந்த பின்னரே இவ்வூர் தோன்றியது என்னும் எண்ணம் இதனால் பரவியது.

பிற்கால ஆய்வு இதனைப் பல வகையில் திருத்தியது. ரோமரோடு வணிகம் தொடங்குவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர். அவ்வணிகம் தளர்ந்த பின்னரும் அவ்விடம் பாழாகிவிடவில்லை என்று பெக்லி குழுவினர் காட்டினர். உட்புறத்தில் புள்ளி வரிசைகள் உருட்டிப் பதிக்கப்பட்ட 'ரௌலட்டட்' கலங்களை வீலர் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்று கொண்டார். அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டவை என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. இந்தியாவில் பல இடங்களில் ரோமச் சாடிகள் என்று பெயரிடப்பட்டிருந்த ஓடுகள் பலவும் மெசொப்பொத்தாமியப் பகுதியின் சாடிகளே என்று ராபர்ட்டா டாம்பர் 2007இல் எடுத்துக்காட்டினார்.

ஆகவே அரிக்கமேடு தமிழ் மண்ணில் எழும்பிய ரோம நகரம் என்று சொல்வதைவிட, ரோமப் பொருள்களும் வந்து சேர்ந்த தமிழகத் துறைமுகம் என்று சொல்வதே பொருந்தும். மணி செய்தோரும், கலம் வனைந்தோரும், தமிழ் பிராமி எழுத்தில் தம் பெயரைக் கலங்களில் கீறிவைத்தோரும் இம்மண்ணின் மக்கள். மேனாட்டிலிருந்து வந்த திராட்சை இரசச் சாடிகளுக்கிடையே இவர்களை மறந்துவிடுதல் தகாது.

இத்திருத்தங்களால் வீலரின் பெருமை குன்றவில்லை. அவர் தம் சான்றுகளை வரைபடங்களுடன் விரிவாகப் பதிவு செய்திருந்ததால்தான் பின்வந்தோர் அவற்றை மீண்டும் எடைபோட முடிந்தது. வேதபகுதிக்கு விளக்கம் எழுதும் இறையியல் மாணவரும் இதைக் கருத்திற்கொள்வாராக. சான்று இன்னது, என் முடிவு இன்னது என்று பிரித்து வைப்பவரைத் திருத்த இயலும்; இரண்டையும் கலந்துவிடுபவரை நம்பலாம், அல்லது தள்ளலாம்; திருத்த இயலாது.

4. கண்ணில் படும் சுவர் யாருடையது?

அரிக்கமேட்டிற்குச் செல்பவர், தூண்களும் வளைவுகளும் நிறைந்த காட்சியை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமடைவார். தோண்டப்பட்ட குழிகள் மீண்டும் மூடப்பட்டுவிட்டன. மேடும் மரங்களும் ஆறுமே முதலில் தென்படும். மரங்களுக்கிடையே பழைய செங்கற்சுவர்கள் நிற்பதைக் காண்போர், இதுவே ரோமர் கட்டடம் என்று மகிழ்ந்து, அதன்முன் நின்று படமும் எடுத்துக்கொள்வர்.

அச்சுவர்கள் ரோமருடையவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனரிகளுக்கென எழுந்த இல்லத்தின் எச்சங்கள் அவை. நற்செய்திப் பணிக்கென்று கட்டப்பட்டுக் கைவிடப்பட்ட வீட்டைப் பார்த்துப் பேரரசின் மிச்சம் என்று நாம் எண்ணிவிடக்கூடும்! மேலே நிற்பது பிற்காலத்தது, பழமையானது கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடக்கிறது என்பதை இங்கே எவரும் நேரில் கற்றுக்கொள்ளலாம்.

எனவே அரிக்கமேட்டை மட்டும் பார்ப்பது போதாது. அங்குக் கிடைத்த பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ளன. முதலில் அவற்றைக் கண்டபின் மேட்டிற்குச் செல்வது சிறந்த முறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பையும் மற்றொரு நாளில் காணலாம்.

5. வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

வழிகாட்டியைச் சோதிக்கும் எண்ணத்தோடு கேட்பது பண்பன்று. அவர் பிழைப்பும் மதிப்பும் அதில் அடங்கியுள்ளன. ஆயினும் பணிவோடு கேட்கத்தக்க கேள்விகள் நான்கு உண்டு.

முதலாவது, நாம் பார்க்கும் இப்பகுதி எந்தக் காலத்தது? ஓர் இடிபாட்டில் பல நூற்றாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதுண்டு. ரோமாபுரியில் கொலோசியம் என்னும் பேரரங்கின்முன் நின்று பவுலை நினைவுகூருவோர் பலர். அப்பேரரங்கை எழுப்பத் தொடங்கியவர் வெஸ்பாசியன்; அது திறக்கப்பட்டது கி.பி. 80இல். பவுலும் பேதுருவும் நீரோவின் காலத்தில் இரத்தசாட்சிகளாய் மரித்தனர் என்பது திருச்சபையின் மரபு, நீரோ கி.பி. 68இல் இறந்தான். அவர்கள் அக்கட்டடத்தைக் கண்டிருக்க முடியாது.

இரண்டாவது, இச்செய்தி முதன்முதலில் எப்பொழுது எழுதப்பட்டது? பேதுரு அடைபட்டிருந்ததாக ரோமாபுரியில் காட்டப்படும் மாமர்த்தீன் சிறையைப் பற்றிய அம்மரபு, பல நூற்றாண்டுகள் கழிந்தபின்னரே எழுத்தில் காணப்படுகிறது. அது பொய்யென்று கூறவேண்டியதில்லை. மரபு என்று கூறினால் போதும்.

மூன்றாவது, இதனை வேறு விதமாக விளக்குவோர் உண்டா? நல்ல வழிகாட்டி இக்கேள்வியால் முகம் மலர்வார்.

நான்காவது, இங்கு உழைத்தவர்கள் யார்? இதனைக் கேட்போர் மிகச் சிலர். ரோமாபுரியிலுள்ள தீத்துவின் வளைவில், கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தினின்று கவர்ந்த குத்துவிளக்கைச் சுமந்துசெல்லும் ஊர்வலம் செதுக்கப்பட்டுள்ளது. வென்றவர் செதுக்குவித்த கல் அது. தோற்றவர் கதையைக் கல்லில் தேடுவோர் கேள்வி கேட்டுத்தான் தேட வேண்டும்.

6. அருளுரைக்கு உரியதும் உரியதல்லாததும்

தமிழ்நாட்டில், சிறப்பாகக் கோவை, கரூர்ப் பகுதிகளில், ரோம வெள்ளி நாணயங்கள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் அகுஸ்து, திபேரியு என்னும் இருவர் காலத்தவையே மிகுதி. வரி கொடுப்பதைப் பற்றி ஆண்டவரிடம் வினவியபோது (மாற்கு 12:13-17) காட்டப்பட்ட பணம், திபேரியுவின் தலை பொறித்த வெள்ளிக்காசு என்று அறிஞர் பலர் கருதுவர். அதே வகைக் காசு நம் நாட்டு வயல்களிலும் கிடைத்திருக்கிறது என்பதை அருளுரையில் தாராளமாகச் சொல்லலாம். ஆண்டவர் கையில் ஏந்திய காசு இதுவே என்று சொல்வதற்கு இடமில்லை.

தோமா அப்போஸ்தலரைக் குறித்தும் இதே நிதானம் தேவை. கி.பி. 52இல் அவர் கேரளக் கரையை அடைந்தார் என்பதும், சென்னையில் இரத்தசாட்சியானார் என்பதும் பழமையான, மதிப்பிற்குரிய மரபுகள். அரிக்கமேட்டின் ஓடுகளும், முசிறித் துறைமுகத்தைப் பற்றிய சங்கப்பாடல்களும், முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்ளசும், அக்காலத்தில் செங்கடல் வழியாகத் தமிழகத்திற்குக் கப்பல்கள் வந்தன என்பதை உறுதிப்படுத்துகின்றன. வழி இருந்தது என்பதே இவற்றின் சாட்சி. அவ்வழியே வந்தவர்களுள் ஓர் அப்போஸ்தலர் இருந்தாரா என்னும் கேள்விக்குச் சாடிகள் விடையளிப்பதில்லை. அதை மரபு என்று கூறினால் மரபின் மாண்பு குறைந்துவிடாது. மண்ணோடு சாட்சி என்று கூறி, பின்னர் அது பொய்த்தால், இளைஞர் மற்றவற்றையும் ஐயுறுவர்.

இனி, தயங்காமல் அருளுரைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. வெளிப்படுத்தல் 18:11-13இல் மகா நகரத்தின் வணிகர் புலம்பும் சரக்குப் பட்டியலைக் காண்கிறோம். பொன், வெள்ளி, முத்து முதலியவற்றில் தொடங்கும் அப்பட்டியல் மனிதரை விற்பதில் முடிகிறது. முத்து நம் கரையிலிருந்தும் சென்ற பொருள். கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகப் பெரிப்ளசு கூறுகிறது. இந்தியா ஆண்டுதோறும் பேரரசின் ஐந்து கோடி செஸ்டர்சு நாணயங்களை ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி முறையிட்டார். கடலில் மூழ்கியவனின் மூச்சுக்கு அவர் கணக்கில் இடமில்லை. பத்முவில் எழுதிய யோவான் அக்கணக்கின் இறுதி வரியைப் படித்துக்காட்டுகிறார். அரிக்கமேட்டில் நின்று இப்பகுதியை வாசிக்கும் குழுவினர், அப்பட்டியலில் தங்கள் முன்னோரின் உழைப்பும் அடங்கியிருப்பதை உணர்வர்.

முடிவுரை

அத்தேனே பட்டணத்தில் பவுல் சுற்றித் திரிந்தபோது, அவ்வூராரின் வழிபாட்டுப் பொருள்களைக் கவனித்துப் பார்த்தார். தாம் கண்ட ஒரு பீடத்திலிருந்தே தம் உரையைத் தொடங்கினார் (அப்போஸ்தலர் 17:23). பீடத்தில் இல்லாத எழுத்தை அவர் சேர்க்கவில்லை. ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இடிபாடுகளைக் காணச் செல்லும்போது கைக்கொள்ளத்தக்க முறை இதுவே. ஒரு குறிப்பேட்டை மூன்று பத்திகளாகப் பிரித்து, கண்டது, உய்த்துணர்ந்தது, மரபாகக் கேட்டது என எழுதி வருவார்களாக. மூன்றாம் பத்தி நீளமாக இருப்பதில் தவறொன்றுமில்லை. அதிலுள்ளதை முதற்பத்திக்கு மாற்றிப் பிரசங்கிப்பதே தவறு. திரும்பி வந்து சபையாருக்கு அப்பயணத்தை விவரிக்கும்பொழுதும், இம்மூன்றையும் பெயர் சொல்லியே விவரித்தல் வேண்டும்.