சட்டம் தடுக்கவில்லை, பரிந்துரை வரவில்லை: அறிவியல் அகாடமிகளில் பெண்கள் ஏன் குறைவு?

புதுதில்லி: தலைநகரில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக அமைந்துள்ள பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் இந்திய தேசிய அறிவியல் அகாடமியின் தலைமையகம் உள்ளது. 1935-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டுப் பின்னர் தில்லிக்கு இடம்பெயர்ந்த இந்த அமைப்பு, 1970-இல் தற்போதைய பெயரைப் பெற்றது. அதன் தலைவர் பொறுப்பில் முதன்முறையாக ஒரு பெண் அமர்ந்தது 2020-ஆம் ஆண்டில்தான். தில்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநரான உயிரியலாளர் சந்திரிமா சாஹா அப்பொறுப்பை ஏற்றபோது அகாடமிக்கு வயது 85.

பெண்களுக்கு இடமில்லை என்று விதிப் புத்தகத்தில் எழுதி வைத்ததால் நேர்ந்த தாமதம் அல்ல இது. தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் 1957-ஆம் ஆண்டிலேயே இந்த அகாடமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்படியெனில் தடை எங்கே இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய அமைப்புகளில் உறுப்பினர்கள் எவ்வாறு தேர்வு செய்யப்படுகிறார்கள் என்பதை அறிய வேண்டும்.

வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல், அறிவியல் அகாடமியில் இடம் கேட்டு ஒருவர் தாமே விண்ணப்பிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர் ஒரு பெயரை முன்மொழிய வேண்டும். மற்றவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். பின்னர் அந்தந்தத் துறைக்குரிய குழு அப்பெயரைப் பரிசீலிக்கும். இறுதியாகத் தேர்தல். ஆக, எவ்வளவு சிறந்த ஆய்வு செய்திருந்தாலும், உள்ளே இருக்கும் ஒருவருக்கு அவரது பெயர் நினைவுக்கு வராவிட்டால் மற்ற படிகளுக்கு வேலையே இல்லை. பரிந்துரைப்பவர் தீய எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. உடன் படித்தவர், உடன் பணியாற்றியவர், மாநாட்டில் சந்தித்தவர் ஆகியோரின் பெயர்களே எவருக்கும் முதலில் தோன்றும்.

இதற்கு லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாறு தெளிவான சான்று. மின்வில் குறித்த ஆய்வுகளால் புகழ்பெற்ற ஹெர்த்தா ஏர்ட்டன் 1902-இல் அங்கு உறுப்பினராக முன்மொழியப்பட்டார். திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி ஆளுமை இல்லை என்ற ஆலோசனையின் பேரில் அவரது பெயர் ஏற்கப்படவில்லை. அதே சொசைட்டி 1904-இல் அவரைத் தமது ஆய்வுக் கட்டுரையை வாசிக்க அனுமதித்தது. 1906-இல் ஹியூஸ் பதக்கமும் வழங்கியது. பதக்கத்துக்குத் தகுதி உண்டு, உறுப்பினர் இடத்துக்கு இல்லை என்பது அன்றைய நிலை. பாலினத்தைக் காரணம் காட்டித் தகுதியிழக்கச் செய்வதை 1919-ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டம் நீக்கியது. ஆனால், கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீபன்சன் என்ற முதல் இரு பெண்கள் தேர்வானது 1945-இல். சட்டத் தடை அகன்ற பின்னரும் 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வகையில் இந்தியா முந்திக்கொண்டது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி, மறு ஆண்டே ஜானகி அம்மாளை உறுப்பினராக ஏற்றது. அப்போது அவர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றி வந்தார். எனினும், ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்ததால் பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1933-இல், ராமன் இயக்குநராக இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர விரும்பிய கமலா பாக்வத், பெண் என்பதற்காகவே முதலில் மறுக்கப்பட்டார். விடாப்பிடியாக வாதிட்ட பிறகு, ஓராண்டு தகுதிகாண் நிலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னாளில் கமலா சொஹோனி என்ற பெயரில் நாடறிந்த உயிர்வேதியியலாளர் அவரே.

விருதுகளிலும் இதே போக்கு காணப்படுகிறது. 1958 முதல் வழங்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசை முதலில் பெற்ற பெண் வேதியியலாளர் அசிமா சாட்டர்ஜி, ஆண்டு 1961. அடுத்த பெண்ணான அர்ச்சனா சர்மாவுக்கு அது கிடைத்தது 1975-இல். இப்பரிசுக்கு 45 என்ற வயது வரம்பு இருந்தது. குழந்தை பிறப்புக்காகவும் வளர்ப்புக்காகவும் ஆய்விலிருந்து சில ஆண்டுகள் விலகி நின்றவருக்கும், ஒரு நாளும் விலகாதவருக்கும் ஒரே கடிகாரம்.

இப்போதைய நிலை என்ன? நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளில் சேருவோரில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் பெண்கள். உலகெங்கும் 69 தேசிய அறிவியல் அகாடமிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான அறிக்கையின்படி, உறுப்பினர்களில் பெண்கள் சராசரியாக 12 விழுக்காடு மட்டுமே. மிக உயர்ந்த பங்கு கியூபாவில், 27 விழுக்காடு.

வகுப்பறைக்கும் அகாடமிக்கும் இடையே பெண்கள் எங்கே மறைகிறார்கள் என்ற கேள்விக்குக் 'குடும்பப் பொறுப்பு' என்பதே வழக்கமான விடை. இதைச் சோதிக்க, பெங்களூரு அகாடமியும் தேசிய உயர் ஆய்வுக் கழகமும் இணைந்து முனைவர் பட்டம் பெற்ற பெண்களிடம் ஆய்வு நடத்தி 2010-இல் அறிக்கை வெளியிட்டன. ஆய்வுப் பணியில் இல்லாத பெண்கள் முதன்மையாகச் சுட்டியது குடும்பத்தை அல்ல, தகுந்த வேலை கிடைக்காததையே. தில்லி அகாடமியும் 2004-இலேயே பேராசிரியர் மஹ்தாப் பாம்ஜி தலைமையில் இந்தியப் பெண்களின் அறிவியல் பணி வாழ்வு குறித்து விரிவான அறிக்கை தயாரித்தது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

செயலளவில் பார்த்தால், துறைசார் சங்கங்கள் சற்று வேகமாக நகர்ந்துள்ளன. இந்திய இயற்பியல் சங்கம் 2017-இல் பாலினச் சமத்துவத்துக்கெனத் தனிப் பணிக்குழு அமைத்தது. அக்குழு 2019-இல் ஹைதராபாதில் நடத்திய மாநாட்டிலிருந்து 'ஹைதராபாத் சாசனம்' உருவானது. பெண்களை மாற்றுவதைவிட நிறுவனங்களின் நடைமுறையை மாற்ற வேண்டும் என்பதே அதன் அணுகுமுறை. அதற்கும் முன்பே, 1973-இல் மும்பையில் பெண்களே தொடங்கிய இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம், கருத்தரங்குகளோடு நின்றுவிடாமல் நவி மும்பை வாஷியில் பணிபுரியும் மகளிர் விடுதியையும் குழந்தைகள் காப்பகத்தையும் நடத்தியது.

காப்பகம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பரிந்துரை தொடங்கும் இடம் மாநாட்டு அரங்கமே. மூன்று நாள் மாநாட்டுக்குக் கைக்குழந்தையுடன் வர இயலாதவரை, அங்கு கூடும் மூத்த உறுப்பினர்கள் அறிய வாய்ப்பில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. மாநாட்டு அரங்குக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அங்கு நேரும் பாலியல் துன்புறுத்தல் குறித்துப் புகார் அளிப்பதிலும் குழப்பம் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணி நிமித்தம் செல்லும் இடத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. ஆனால், மாணவி ஒரு நிறுவனம், பேராசிரியர் மற்றொரு நிறுவனம், மாநாட்டை நடத்துவது விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களைக் கொண்ட ஒரு சங்கம் என்றிருக்கும்போது, எந்தக் குழுவின் கதவைத் தட்டுவது என்பதைச் சங்கம் முன்கூட்டியே அறிவித்தாலன்றி அந்த மாணவி அறிய முடியாது.

இவை எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. விடுபட்டவர்களின் பெயர்களைத் தேடிக் கொணரும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைப்பது, வயது வரம்பில் பணி இடைவெளியைக் கழித்துக் கணக்கிடுவது, முன்மொழியப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுவது ஆகியவை சங்கத்தின் செயற்குழுவே முடிவெடுக்கக்கூடியவை. இவற்றுள் கடைசியே முதலில் செய்யத்தக்கது. தேர்வானோர் பட்டியல் எவருக்கும் கிடைக்கும். தேர்வுக்கு வராமலே போனவர்களின் கணக்கே மறைந்திருப்பது.

பெண்களின் எண்ணிக்கையையாவது உறுப்பினர் பட்டியலைப் பார்த்து ஓரளவு எண்ணிவிடலாம். சாதி அடிப்படையிலான விடுபடலுக்கு அந்த வசதியும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெறப்பட்ட விவரங்களைக் கொண்டு 'நேச்சர்' இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை, நாட்டின் முன்னணி அறிவியல் நிறுவனங்களில் பேராசிரியர் நிலையில் தலித், பழங்குடியினர் மிக மிகக் குறைவு என்று காட்டியது. அகாடமிகளின் உறுப்பினர்கள் பெரும்பாலும் தேர்வாவது அந்தப் பேராசிரியர்களிலிருந்தே. தலச்சேரியில் தீயர் சமூகத்தில் பிறந்து, சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்து, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1984-இல் மறையும் வரை சென்னை மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்த ஜானகி அம்மாள் இவ்விரு வேலிகளையும் ஒருசேரக் கடக்க வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.