தட்டில் நிற்கும் பைன் பட்டினி கிடப்பதில்லை

டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா நகரில் ஓமியா போன்சாய் கிராமம் இருக்கிறது. 1923-ல் வந்த பெரும் கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, நல்ல மண்ணும் தண்ணீரும் விசாலமான இடமும் தேடி டோக்கியோவிலிருந்து புறப்பட்ட போன்சாய் வளர்ப்பாளர்கள் 1925-ல் உருவாக்கிய ஊர் அது. அங்கே குடியேறுபவர்களுக்கு அவர்களே சில விதிகள் வகுத்தார்கள். வீட்டுக்குக் குறைந்தது 10 போன்சாய் இருக்க வேண்டும். தோட்டத்தின் கதவு யாருக்கும் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக் கூடாது. சுற்றுச்சுவர் எழுப்பாமல் உயிர்வேலி வைக்க வேண்டும்.

பின்னிரண்டு விதிகளால் மரத்துக்கும் நன்மை உண்டு. மாடி இல்லாத தெருவில் வெயில் மறையாது. உயிர்வேலி காற்றை முழுதாக அடைக்காது. கொல்லைப்புறத்தில் போன்சாய் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் வெயிலும் காற்றும்தான். அதிலும் பைன் வெயிலுக்கே பிறந்த மரம். தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாவிட்டால் கிளைகள் மெலியும், ஊசியிலைகள் நீளும், உள்பக்கத் துளிர்கள் பட்டுப்போகும். வரவேற்பறை மேசையில் வைத்து வளர்க்கும் மரமல்ல அது.

போன்சாய் என்றதும், மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. போன்சாய் தனி மர இனமுமல்ல. தட்டில் நிற்கும் கருப்பு பைனின் விதையைத் தரையில் ஊன்றினால் அது காட்டு மரமாகவே உயரும். பட்டினி கிடக்கும் பைன் குட்டையாவதற்கு முன்பே செத்துவிடும். ஜப்பானியத் தோட்டக்காரர்கள் வசந்தம் முழுக்க மரத்துக்குத் தாராளமாக உரம் கொடுக்கிறார்கள். மரத்தைக் கொழுக்கவைத்து, அந்தச் சக்தி எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று பங்கிடுவதுதான் அவர்கள் கலை.

ஆழமில்லாத தொட்டியின் சிக்கல்

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும், அடியில் ஒரு படலம் முழுக்க நனைந்தே நிற்கும். அந்தப் படலத்தின் உயரத்தைத் தொட்டியின் ஆழம் தீர்மானிப்பதில்லை. மண் துகளின் அளவே தீர்மானிக்கிறது. எனவே ஆழமான தொட்டியில் அது ஒரு சிறு பங்கு. ஆழமில்லாத போன்சாய் தட்டிலோ பாதி மண் சேறாகவே கிடக்கும். அந்த இடத்தில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அழுகல் தொடங்கும்.

தோட்ட மண்ணை அப்படியே தட்டில் போடக் கூடாது என்பது இதனால்தான். துகள் பெரிதானால் நனைந்த படலம் குறையும். ஜப்பானில் அகதாமா எனும் எரிமலைச் சாம்பல் வழிவந்த களிமண் உருண்டைகளையும் நுரைக்கல்லையும் சலித்து, தூசியை நீக்கிக் கலக்கிறார்கள். நம் ஊரில் உடைத்த செங்கல் துண்டையும் பருமணலையும் சலித்து, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வடிகாலுக்குப் போதும். மேல்மண் காயத் தொடங்கியதும், அடித்துளை வழியே வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தினம் இரண்டு கை தெளிப்பது தண்ணீர் ஊற்றியதாகாது.

தொட்டி மாற்றும்போது பைனின் வேரைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை நூலாம்படை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். நோய் என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது. வேரோடு கூட்டு வாழும் பூஞ்சை அது. மண்ணிலிருந்து பாஸ்பரஸும் நீரும் எடுத்து வேருக்குக் கொடுத்து, பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரை பெறுகிறது. பைன் வேரை முழுக்கக் கழுவி நட்டால் இந்த உறவு அறுந்து மரம் தள்ளாடும். ஆகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த மொட்டு உப்புவதற்குச் சற்று முன்னால், வேர்க்கட்டியின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பித்து, மீதிப் பழைய மண்ணை அப்படியே விடுகிறார்கள்.

ஜூன் மாதக் கத்தரிக்கோல்

ஆலையோ இச்சியையோ மொட்டையாக வெட்டினாலும் வெறுங்கிளையிலிருந்து துளிர்க்கும். பைன் அப்படியல்ல. ஊசியிலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் வெட்டிய கிளை பெரும்பாலும் பட்டுப்போகும். காரணம் ஊசியிலையின் அடியில் இருக்கிறது. கருப்பு பைனில் ஊசியிலைகள் இரண்டிரண்டாக ஒரு சிறு உறையிலிருந்து வரும். அந்த இணையின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத வளர்முனை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறது. இலை போனால் அந்த மொட்டும் போயிற்று.

அந்த மொட்டை உறக்கத்திலேயே வைத்திருப்பது கிளையின் நுனி. அங்கே உற்பத்தியாகும் ஆக்சின் எனும் ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. வசந்தத்தில் நுனியில் மெழுகுவத்தி போல நிமிர்ந்து நீளும் துளிர்தான் அதன் தலைமையிடம். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் ஜப்பானியத் தோட்டக்காரர்கள் அந்தத் துளிர்களை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். ஆக்சின் நின்றதும் உறங்கிய மொட்டுகள் விழித்து, அதே ஆண்டில் இரண்டாம் முறை துளிர்க்கின்றன. குளிர்காலம் வரை மிஞ்சியிருக்கும் நாள்கள் குறைவு என்பதால் இந்த இலைகள் நீளமாக வளர நேரமில்லை. காட்டில் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும் ஊசியிலை, தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிற்கும் வித்தை இதுதான். சீக்கிரம் வெட்டினால் இலை நீளும். தாமதித்து வெட்டினால் குறுகும்.

பங்கீடும் இதிலேயே நடக்கிறது. பைனில் உச்சிக்கிளை முந்தி ஓடும், கீழ்க்கிளை பின்தங்கும். ஆகவே மெலிந்த துளிர்களை முதலில் வெட்டி, பத்து நாள் கழித்துக் கொழுத்த துளிர்களை வெட்டுகிறார்கள். மெலிந்தவற்றுக்குப் பத்து நாள் கூடுதல் வளர்ச்சி கிடைத்துச் சமநிலை வருகிறது. இலையுதிர்காலத்தில் பழைய ஊசிகளைப் பிடுங்கும்போதும் இதே கணக்குதான்: உச்சியில் ஐந்தாறு இணையை மட்டும் விடுவார்கள், அடிக்கிளையில் பத்து வரை விடுவார்கள். இலை அதிகமுள்ள கிளை அதிகம் உணவு தயாரித்துப் பலம் பெறும்.

இந்த வேலையை எல்லாப் பைனிடமும் செய்யக் கூடாது. ஐந்து ஊசி கொண்ட வெள்ளை பைன் ஆண்டுக்கு ஒருமுறைதான் துளிர்க்கும். அதன் துளிரை வெட்டி எறிந்தால் அந்த ஆண்டின் வளர்ச்சியே போய்விடும். நீளும் துளிரைக் கையால் பாதி கிள்ளுவதோடு நிறுத்த வேண்டும். மரத்தைத் தொடுமுன் ஒரு உறையில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கம்பி சுற்றுவதிலும் மரத்தின் எதிர்வினையை அறிந்திருக்க வேண்டும். கீழே வளைத்த கிளையின் அடிப்பக்கத்தில் பைன் அடர்த்தியான மரத்திசுவை வளர்த்து, கிளையை மேலே தள்ளப் பார்க்கும். அதனால் கம்பி பல மாதம் இருந்தால்தான் வடிவம் நிலைக்கும். ஆனால் வளரும் பருவத்தில் பட்டையில் கம்பி பதிகிறதா என்று வாரந்தோறும் பார்த்து, பதியுமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

நானூறு ஆண்டுப் பராமரிப்பு

இப்படி வளர்த்தால் மரத்தின் ஆயுள் குறையுமா? வாஷிங்டனிலுள்ள அமெரிக்க தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளை பைன் இருக்கிறது. 1625 முதல் பயிற்சியில் இருந்துவரும் மரம். ஹிரோஷிமாவில் யாமாகி குடும்பத்தின் நர்சரியில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், நர்சரிச் சுவருக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976-ல் மசாரு யாமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். மரம் குண்டுவெடிப்பில் பிழைத்த கதை அந்தப் பூங்காவுக்குத் தெரியவந்தது, 2001-ல் அவருடைய பேரன்கள் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான். நூற்றாண்டுகளாக ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வெட்டுவதும் வளைப்பதும் மரத்தை நலிவாக்கும் வேலையாக இருந்திருந்தால் இத்தனை காலம் அது நின்றிருக்காது.

நம் கொல்லையில்

கருப்பு பைனுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். சென்னை, மதுரை வெயிலில் அந்த ஓய்வு கிடைக்காமல் ஆண்டுக்காண்டு பலம் குன்றும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் முயன்று பார்க்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் இச்சி, அத்தி, புளி, கொடுக்காப்புளி இவற்றில் தொடங்குவதே நல்லது. தட்டுக்கான வடிகால் கணக்கும் நுனிமொட்டின் அடக்குமுறையும் அவற்றுக்கும் பொருந்தும். வெட்டியபின் துளிர்க்கும் விதம் மட்டும்தான் வேறு.

எந்த மரமானாலும் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். தொட்டி மாற்றுவது, கடுமையாக வெட்டுவது, பெரிய அளவில் வளைப்பது ஆகிய மூன்றில் ஓர் ஆண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றும் மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. அந்தச் செலவை ஈடுகட்ட அதற்கு ஒரு முழு வளர்பருவம் தேவை. ஆசையில் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்பவர் வீட்டில்தான் போன்சாய் சாகிறது.