உருளைக்கிழங்கு தக்காளிக்கு என்ன முறை, தெரியுமா?

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் தக்காளியும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும். ரெண்டும் தாயும் பிள்ளையும் என்றால் நம்புவீர்களா? சுமார் 90 இலட்சம் வருடங்களுக்கு முன், தென்னமெரிக்காவில் தக்காளியின் மூதாதையும் கிழங்கே வைக்காத இன்னொரு காட்டுச் செடியும் கலந்து பிறந்ததுதான் உருளைக்கிழங்கு வம்சம்! தாய்க்கும் கிழங்கில்லை, தகப்பனுக்கும் இல்லை. கிழங்குக்கு வேண்டிய ஒரு மரபணு இந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்று அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. சீன ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2025இல்தான் இதை வெளியிட்டது.

1753இல் லின்னேயஸ் இரண்டையும் சொலானம் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். அடுத்த வருடமே பிலிப் மில்லர் தக்காளியைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்! 1993இல் டீஎன்ஏ சாட்சி சொன்ன பிறகே அது முறையாக வீடு திரும்பியது. கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் அதே சொலானம்தான். மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் மரத்தக்காளியும்தான். ஆனால் வேடிக்கை, பெயரில் தக்காளி இருந்தாலும் அதைவிட உருளைக்கிழங்கே தக்காளிக்கு நெருங்கிய சொந்தம்.

தக்காளிக்கு நேரடிக் காட்டு உறவுகள் 12. ஈக்குவடோர், பெரு, சிலி, கலாபகோஸ் தீவுகள்தான் அவற்றின் ஊர். பலவற்றின் பழம் பழுத்தாலும் பச்சைதான்! கலாபகோஸ் தக்காளி விதை இலேசில் முளைக்காது. ராட்சத ஆமை தின்று கழித்தால் நன்றாக முளைக்கிறது என்று 1961இல் சார்ள்ஸ் ரிக் எழுதினார்.

அந்தக் காட்டுக் கூட்டத்திலுள்ள மரபணு வேறுபாட்டில் நம் கறித் தக்காளியிடம் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். ஏழை என்றால் பரம ஏழை! அதனால்தான் நோய்க்கு இவ்வளவு பயம். பற்றீரியா வாடல் வந்தால் காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தொங்கிவிடும். தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசில் பிடியுங்கள், பால்போல நூல் இறங்கும். அந்த நோய் உருளைக்கிழங்கையும் விடாது, ஆகவே ஒன்றைப் பிடுங்கிய பாத்தியில் உடனே மற்றதை நடக்கூடாது.

வாடலைத் தாங்குவதில் பேர்பெற்ற தக்காளி 'ஹவாய் 7996'. அந்தத் தைரியம் அதற்கு வந்தது ஒரு சென்டிமீட்டர் பழம் காய்க்கும் பிம்பினெல்லிஃபோலியம் என்ற காட்டுச் செடியிடமிருந்து!

வேர்முடிச்சுப் புழுக் கதை இன்னும் அதிசயம். எதிர்ப்புச் சக்தி பெருவியானம் என்ற காட்டினத்தில் இருந்தது, ஆனால் தக்காளியோடு கலந்தால் விதைக்குள்ளேயே கரு செத்துப்போகும். 1944இல் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு கருவைக் காப்பாற்றி, கண்ணாடிக் குழாயில் வளர்த்தெடுத்தார். அந்த எதிர்ப்போடு இன்று கடைக்கு வரும் தக்காளிகள் அத்தனைக்கும் மூலம் அதுதான். ஒரே ஒரு கரு!

அவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்குக் குறுக்குவழியும் உண்டு. வாடல் தாங்கும் கத்தரி நாற்றின் தலையை வெட்டி, அந்த வேரில் தக்காளித் தண்டை ஒட்டிவிடலாம். தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையம் பரப்பும் முறை இது. வாடல் மண்ணென்ன, தண்ணீர் தேங்கிய மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். கீழே கத்தரி, மேலே தக்காளி!